யுனிவர்சிட்டி அவெனியூத் தூண்

அன்பு மகளுக்கு,

ரொறன்ரோ குயீன் தெருச் சந்தியில் நிற்கிற அந்த உயரமான தூண் எந்தப் போருக்கு என்று கேட்டிருந்தாய். 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் போயர்களோடு, அதாவது அங்கே குடியேறியிருந்த டச்சு வழியினரோடு, பிரிட்டன் நடத்திய போருக்கு. செய்தவர் வோல்டர் ஆல்வர்ட். எழுப்பியது 1910 இல். பிடிபட்ட போயர்கள் ஆயிரக்கணக்கில் எங்கட இலங்கையில், தியத்தலாவையில்தான் அடைபட்டுக் கிடந்தார்கள்.

கனடாவிலிருந்து 7,000 பேருக்கு மேல் போனார்கள். ஏறக்குறைய 270 பேர் திரும்பவில்லை. சண்டையில் விழுந்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் அதிகம். பார்டெபேர்க் சண்டையின்போது செத்த மாடு குதிரைகள் மிதந்த மொடர் ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். குடல் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது.

ஆனால் நீ கவனிக்கவேண்டியது ஒட்டாவாவில் நடந்ததை. அப்போது கனடாவுக்கு வயது 32. பிரதமர் லோரியே பிரெஞ்சு பேசும் கனடியர். ஆங்கிலம் பேசும் ஒன்டாரியோ "படை அனுப்பு" என்றது, பிரெஞ்சு பேசும் கியூபெக் "எங்களுக்கு என்ன வேலை" என்றது. அவர் பாராளுமன்றத்தைக் கூட்டவில்லை. 1899 அக்டோபர் நடுவில் அமைச்சரவை உத்தரவு ஒன்றாலேயே காரியத்தை முடித்தார்: தொண்டர்கள் 1,000 பேர், உடுப்பு, ஆயுதம், கப்பற்செலவு கனடாவுடையது, அங்கே இறங்கியபின் சம்பளம் பிரிட்டனுடையது. இதை முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்றும் ஒரு வரி சேர்த்தார்.

லண்டன் கேட்டது 125 பேர் கொண்ட தனித்தனிப் பிரிவுகள். அவற்றைப் பிரிட்டிஷ் படைகளுக்குள் கலந்துவிடுகிற எண்ணம். கனடா எட்டுப் பிரிவுகளையும் ஒரே பட்டாளமாகக் கட்டி, கர்னல் ஒட்டரைத் தலைவராக்கியது. ரொறன்ரோ ஒன்று, மொன்றியல் ஒன்று, நோவா ஸ்கோஷியா ஒன்று என்று ஊர்வாரியாகச் சேர்ந்த பொடியன்கள் ஒரே கொடிக்குக் கீழ் அக்டோபர் 30 கியூபெக்கில் கப்பல் ஏறினார்கள். "கனடாப் படை" என்ற பெயர் பத்திரிகையில் அடிபடத் தொடங்கியது இதனால்தான். குடும்பங்களுக்கு உதவ 1900 இல் தேசபக்தி நிதியும் வந்தது. 1914 இல் முதலாம் உலகப் போர் வந்தபோது அதே பெயரைத் திரும்ப எடுத்தார்கள்.

லோரியேயின் அந்த ஒரு வரியை கியூபெக் பாராளுமன்ற உறுப்பினர் ஆன்றி பூராசா நம்பவில்லை. செய்துவிட்டால் அதுதான் முன்னுதாரணம் என்று சொல்லித் தன் ஆசனத்தைத் துறந்தார். 1900 சனவரியில் போட்டியின்றியே தெரிவாகித் திரும்பி வந்தார். அவர் கணிப்புச் சரி என்பதே என் எண்ணம். அதே ஆண்டு மார்ச்சில், போயர்கள் முற்றுகையிட்டிருந்த லேடிஸ்மித் நகரம் மீட்கப்பட்ட செய்தி வந்ததும் மொன்றியலில் ஆங்கில மொழி மக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் பிரெஞ்சுப் பத்திரிகை அலுவலகங்களுக்கு ஊர்வலமாய்ப் போய், பிரிட்டிஷ் கொடி ஏற்று என்று மல்லுக்கட்டினார்கள். அடுத்து பிரெஞ்சு மொழி லவால் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். கலவரம் நாட்கணக்கில் நீடித்தது.

1917 இல் கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டம் வந்தபோது நாடு பிளந்த கோடு அதே பழைய கோடுதான். 1918 ஈஸ்டர் நேரம் கியூபெக் நகரில் கூட்டத்தை அடக்க ஒன்டாரியோவிலிருந்து ஆங்கிலம் பேசும் சிப்பாய்களை இறக்கினார்கள். அவர்கள் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள்.

மொன்றியலுக்குப் போனால் முன்பு டொமினியன் சதுக்கம் என்றிருந்த டோர்செஸ்டர் சதுக்கத்திலும் இதே போருக்கு ஒரு சிலை நிற்கிறது, ஒருக்கா பார்.

அன்புடன்,
அப்பா