முகப்புக் கதவைப் பூட்டச் சொல்லாதே

கானாடுகாத்தான்

அன்பு மகனுக்கு ஆத்தா எழுதுவது.

நீ பார்க்கச் சொன்ன ‘ஐ ஆம் லெஜண்ட்’ படத்தை நேற்று இரவு பார்த்து முடித்தேன். பக்கத்து வீட்டுப் பெண் வந்து கணினியில் போட்டுக் கொடுத்தாள். அந்தப் படத்தில் ஊரே அழிந்த பிறகு ஒற்றை ஆளாக மிஞ்சியவனைப் போலத்தான் நான் இந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறேன், பூட்டிவிட்டு அங்கே வந்துவிட வேண்டும் என்று போனில் சொன்னாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

படத்தின் தொடக்கமே என்னை உலுக்கிவிட்டது. தட்டம்மைக் கிருமியை மாற்றி அமைத்துப் புற்றுநோய்க்கு மருந்து கண்டுவிட்டதாகத் தொலைக்காட்சியில் ஒரு டாக்டர் சொல்கிறார். 10,009 பேருக்குக் கொடுத்தோம், 10,009 பேரும் குணமானார்கள் என்கிறார். உன்னைப் பெற்ற அப்பச்சியை மதுரைக்கும் வீட்டுக்குமாக அழைத்துக்கொண்டு அலைந்த மாதங்களில் நான் கேட்க ஏங்கிய செய்தி அது. அடுத்த காட்சியில் மூன்று ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. நியூயார்க் தெருவில் புல் மண்டிக் கிடக்கிறது, மான்கள் ஓடுகின்றன. அந்த மருந்துதான் ஊரை அழித்திருக்கிறது. படத்தை நிறுத்திவிட்டு முற்றத்தில் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மருந்தால் மனிதர்கள் உருமாறி இருட்டில் வரும் அந்தப் பிராணிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவை கூட்டமாக வரத் தொடங்கியதும் படம் இளைத்துவிட்டது. அதுவரை அவன் ஒருவனும் அந்த நாயுமாகப் போன பகுதிதான் உயர்ந்தது. பொழுது சாய்வதற்கு முன் அவன் கைக்கடிகாரம் ஒலிக்கிறது. வீட்டுக்கு ஓடி வந்து இரும்புக் கதவுகளை ஒவ்வொன்றாக இறக்குகிறான். அந்த இடத்தில் என் நினைவு உனக்கு வந்திருக்கும். நானும் அந்தியில் கொல்லைக் கதவிலிருந்து தொடங்கிக் கட்டுக்கட்டாகத் தாழிட்டுக்கொண்டு வருகிறேன். எதிர் வரிசையில் பாதி வீடுகள் கல்யாணத்துக்கு மட்டும்தான் திறக்கின்றன. தனியாகப் பிழைப்பதற்கும் இது தோதான வீடுதான். கிணறு இருக்கிறது, ஓட்டிலிருந்து இறங்கும் மழைநீரைப் பிடிக்கப் பெரிய அண்டாக்கள் இருக்கின்றன, நெல் கொட்டி வைக்க அறை இருக்கிறது.

ஆனால் அவன் பிழைத்தது தகர டப்பா உணவாலும் இரும்புக் கதவாலும் இல்லை. நாயைத் தன் கையாலேயே கொல்ல வேண்டி வந்த மறுநாள் வீடியோ கடைக்குப் போகிறானே, அங்கே நிற்கும் துணிக்கடைப் பொம்மையிடம் போய், ஒரு வார்த்தை பேசு என்று கெஞ்சுகிறான். கண்ணில் நீர் நிற்கிறது. பொம்மையின் முகம் அப்படியே இருக்கிறது. அந்த வீட்டில் அவனுக்குச் சாப்பாடு இருந்தது, தண்ணீர் இருந்தது, துப்பாக்கி இருந்தது.

அவனைத் தாங்கிப் பிடித்தது வானொலி. ஒவ்வொரு நாளும் நடுப்பகலில் துறைமுகத்தில் இருப்பேன், யாராவது உயிரோடு இருந்தால் வாருங்கள் என்று அறிவிக்கிறான். அறிவித்தபடியே போய்க் காத்திருக்கிறான். கேட்க ஆள் இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியாது. கடைசியில் ஒரு பெண்ணும் ஒரு சிறுவனும் வந்து சேர்ந்தது அந்தக் குரலைக் கேட்டுத்தான்.

விடிகாலையில் முகப்பில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறேன். அந்தியில் விளக்கேற்றுகிறேன். அதுதான் என் வானொலி, ராசா. இந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரு அறிந்துகொள்கிறது. பால்காரர் நிற்கிறார், கோயிலுக்குப் போகிற ஆச்சி திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். போன மாதம் காய்ச்சலில் ஒரு நாள் கோலம் போடவில்லை. எட்டு மணிக்குள் மூன்று பேர் வந்து கதவைத் தட்டிவிட்டார்கள். பூட்டிக்கொண்டு உன்னிடம் வந்துவிட்டால், நீ வேலைக்குப் போன பிறகு அந்தப் பதினான்காம் மாடியில் யார் வந்து தட்டுவார்கள்?

1942-இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது அப்பச்சியின் ஐயா காடும் மலையுமாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். பெட்டகம், கணக்குப் புத்தகம், கடை எல்லாம் அங்கேயே போயின. அவருக்கு அதுதான் உலகம் அழிந்த நாள். ஆனால் அந்த நடையைப் பற்றிச் சொன்ன போதெல்லாம் வழியில் அரிசியைப் பங்கிட்டுக் கொடுத்த ஒரு முகம் தெரியாத மனிதரைப் பற்றித்தான் சொன்னாராம். போன சொத்தைப் பற்றிப் பேசியதே இல்லையாம்.

உன்னை நினைத்துத்தான் எனக்குக் கவலை. தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, இரவு பதினொரு மணிக்கு இப்படிப்பட்ட படத்தைத் தனியாகப் பார்க்கிறாய்.

கார்த்திகை தீபத்திலிருந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. 21 இழை நூலைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள எடுத்துக் கொடுக்க ஒரு கை வேண்டும். அப்பச்சி போன பிறகு பங்காளி வீட்டில் போய் வாங்கிக்கொள்கிறேன். இந்த ஆண்டு நம் வீட்டிலேயே நீ எடுத்துக் கொடு. டிக்கெட் எடுத்ததும் ரயில் எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுது. செட்டிநாடு நிலையமோ காரைக்குடியோ, எங்கே இறங்கினாலும் நான் வந்து நிற்பேன்.

உன் ஆத்தா