‘பைய’ என்பது பிழையன்று

பழைய சிறுகதைகளை மறுபதிப்புச் செய்யும் பதிப்பாளர்களுக்கும் மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கும்,

வணக்கம். நெல்லைப் பக்கத்துக் கதைகள் அடங்கிய தொகுப்பு ஒன்றை அண்மையில் வாங்கினேன். அதில் ஓர் அப்பா, படியிறங்கும் மகளைப் பார்த்து “பையா, வா” என்கிறார். மகளை எதற்குப் பையா என்கிறார்? நூலகத்தில் பழைய பதிப்பைத் தேடி எடுத்துப் பார்த்தேன். “பைய வா” என்றுதான் இருந்தது. மெதுவாக வா என்று பொருள். யாரோ ஒரு துணைக்காலும் ஒரு காற்புள்ளியும் போட்டுப் ‘பிழை’யைத் திருத்தியிருக்கிறார்.

‘பசையினள் பைய நகும்’ என்று வள்ளுவர் எழுதிய சொல் அது. நம் ஏடுகள் அதைக் கைவிட்டுவிட்டன. தெற்கத்தி வீடுகள் கைவிடவில்லை. வட்டாரங்களில் வழங்கும் திசைச்சொல்லுக்கும் செய்யுளில் இடமுண்டு என்றார் தொல்காப்பியர். உங்கள் மெய்ப்புத் தாளில்தான் இடமில்லை.

கடைசிப் பக்கத்துச் சொற்பொருள் பட்டியலும் பெரிதாக உதவவில்லை. ‘ஏளா – பெண்ணை அழைக்கும் சொல்’ என்று போட்டிருக்கிறீர்கள். கணவன் மனைவியை அப்படி அழைப்பான், தாய் மகளை அழைப்பாள், தோழி தோழியை அழைப்பாள். உரிமையில்லாத இடத்தில் சொன்னால் வம்புதான். புதுமைப்பித்தனின் மனிதர்கள் யாரை ‘வே’ என்கிறார்கள், யாரை ‘ஏலே’ என்கிறார்கள் என்பதிலேயே வயதும் நெருக்கமும் ஏற்றத்தாழ்வும் தெரிந்துவிடும். அதைச் சொல்லாத குறிப்பு எதற்கு?

உண்மையில் தெரியாத சொல் அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. தெரிந்த சொல்தான் ஏமாற்றும். ‘மேலுக்கு முடியவில்லை’ என்று படித்ததும் மாடி ஏற முடியவில்லை போலும் என்று வெளியூர்க்காரர் நினைப்பார். தென்மாவட்டங்களில் மேல் என்றால் உடம்பு. யாழ்ப்பாணத்துக் கதையில் ‘அம்மா பேசினா’ என்று வந்தால் அம்மா திட்டியிருக்கக்கூடும்; சாதாரணமாகப் பேசுவதற்கு அங்கே கதைப்பது என்று பெயர். ‘பேசு’வுக்குப் பொருள் தேடி எந்த வாசகரும் கடைசிப் பக்கத்தைப் புரட்டப் போவதில்லை. இத்தகைய சொற்களுக்காவது அந்தந்தப் பக்கத்தின் அடியிலேயே குறிப்புத் தாருங்கள்.

கருவிகள் இல்லை என்று சொல்லவும் முடியாது. கரிசல் வட்டாரத்துக்குக் கி. ராஜநாராயணன் 1982-லேயே சொல்லகராதி தந்துவிட்டார். கொங்குக்குப் பெருமாள்முருகனும் நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரனும் தொகுத்தார்கள். கதை எழுதுகிறவர்களே அகராதி வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருந்தது என்பது தனிக் கதை. இவற்றிலும் சொல் கிடைக்காவிட்டால் அந்த வட்டாரத்துக்காரர் ஒருவரை உட்காரவைத்துப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குப் பிழையாகத் தெரிந்தது காதுக்குச் சரியாகிவிடும்.

அந்தத் தொகுப்பின் அடுத்த அச்சில் அந்தத் துணைக்காலை மட்டுமாவது எடுத்துவிடுங்கள். அந்தப் பெண் பைய இறங்கி வரட்டும்.

இப்படிக்கு,
காசு கொடுத்து வாங்கிய வாசகர்