குளத்தோரம் புல் விரித்த கதை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, திட்டாதே. பகலெல்லாம் முட்டி போட்டு வேலை செய்துவிட்டு ராத்திரி எழுத உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது. உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடு, உன் லட்சணம் எனக்குத் தெரியும்.

கொல்லையில் நீச்சல் குளத்தைச் சுற்றி நான் செயற்கைப் புல் போட்டதைக் கேள்விப்பட்டு, நீயும் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடு. ஆனால் இதே வேலையை இரண்டு தடவை செய்தவன் சொல்கிறேன், கொஞ்சம் கேட்டுக்கொள்.

நிஜப் புல் இருந்தவரை பாதித் தோட்டம் குளத்துக்குள்தான் கிடந்தது. புல் வெட்டிய அன்று, தண்ணீர் மேல் மிதக்கிற குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையைத் தூக்கினால் ஈரப் புல் கட்டி கட்டியாக வரும். பிள்ளைகள் ஏறி இறங்குகிற பக்கம் எப்போதும் சேறு, அந்தக் காலோடு மறுபடி தண்ணீரில் குதிப்பார்கள். வெறுத்துப்போய்த்தான் இதில் இறங்கினேன்.

முதல் தடவை மண்ணைக் கொத்திச் சமப்படுத்தி, அதன் மேலேயே செயற்கைப் புல் சுருளை விரித்துவிட்டேன். பார்க்க அழகுதான். மூன்றாவது மாதம் ஆழம் குறைந்த பக்கம் நடந்தால் காலடியில் சளக் சளக் என்றது. ஒரு மூலையைத் தூக்கினேன், குப்பென்று நாற்றம், அடியில் மண் கறுத்துக் களியாகிக் கிடக்கிறது. தண்ணீர் வடிவதற்காக விரிப்பின் அடியில் இருக்கிற ஓட்டைகள் முழுக்கச் சேறு அடைப்பு. ஓட்டை வழியாக இறங்குகிற தண்ணீர் அப்புறம் எங்கே போகும் என்று நான் யோசிக்கவே இல்லை!

சரி என்று எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டு, நாலு அங்குலம் மண்ணை வெட்டி எடுத்து, களை முளைக்காமல் இருக்க ஒரு துணி விரித்து, அதன் மேல் சின்ன ஜல்லி, அதற்கும் மேல் ஒரு விரல்கடை ஜல்லித்தூள் என்று போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் தெளித்து இடித்து இறுக்கினேன். முதுகு விட்டுப்போச்சு. வாட்டம் குளத்துக்கு எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டும், ஒரு மீட்டருக்கு 1 அல்லது 2 சென்டிமீட்டர் இறக்கம் போதும். மாறிப்போனால் மழைத் தண்ணீர் தூசி தும்போடு நேரே குளத்துக்குள் வரும். விரிப்பதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துப் பார், எங்கே தேங்குகிறதென்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

வெல்வெட்டுத் துணியை எதிர்ப்பக்கம் தடவினால் நிறம் மாறுமே, இதுவும் அப்படித்தான், இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இரண்டு துண்டையும் ஒரே திசையில் போடாவிட்டால் ஒன்று வெளுப்பாகவும் ஒன்று கருப்பாகவும் தெரியும். வெட்டும்போது திருப்பிப் போட்டு அடிப்பக்கத்திலிருந்து வெட்டு, மேலிருந்து வெட்டினால் இழைகள் அறுந்து இணைப்பு தலை வகிடு மாதிரி காட்டும். என் வீட்டில் ஒரு வகிடு இன்னும் இருக்கிறது, அதன் மேல் நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.

விளிம்புக் கல்லை ஒட்டி ஆணி அடிக்காதே. அடியில் குழாய் போகும், மேலே வெறுங்கால் நடக்கும். அந்த ஓரத்தில் கான்கிரீட்டோடு பசை போட்டு ஒட்டுவதுதான் சரி, கான்கிரீட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இழை நிமிர்ந்து நிற்க மணல் தூவச் சொல்வார்கள். அது கனம் கொடுக்கும், உண்மைதான், ஆனால் குளத்தோரம் போட்டால் ஈரக் காலில் ஒட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போய் ஃபில்டருக்கு வேலை வைக்கும். குளத்தை ஒட்டின இரண்டடிக்கு மணல் இல்லாமல், குட்டையும் அடர்த்தியுமான இழையாகப் பார். மணலுக்குப் பதில் தூவுகிற கறுப்பு ரப்பர் துகள் வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே இருக்கிற சூடு போதும்.

சூடு என்றதும்தான், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நிஜப் புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், இது வெறும் பிளாஸ்டிக். உச்சி வெயிலில் 60 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். பிள்ளைகள் தண்ணீரிலிருந்து ஏறி நொண்டி ஆடுகிற மாதிரி குதித்து ஓடுகிறார்கள். குழாயில் தண்ணீர் அடித்தால் கொஞ்ச நேரம் தணியும், அவ்வளவுதான். செயற்கைப் புல் பேர் வாங்கியதே 1966-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம் பேஸ்பால் மைதானத்தில், அதுவும் கூரைக்கு அடியில். உயரப் போகும் பந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று கூரையில் வெளிச்சம் வருகிற பலகைகளுக்கு வர்ணம் அடித்தார்கள், வெளிச்சம் குறைந்து உள்ளே இருந்த புல் செத்துப்போனது, அப்புறம்தான் இது வந்தது. நிழலில் பிழைத்த சரக்கை நாம் வெட்டவெளியில் விரித்துவிட்டுச் சுடுகிறது என்கிறோம். குளத்துக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு வரிசை வெளிர் கல்லாவது பதித்துவிடு, அல்லது அந்தப் பக்கம் பந்தல் போடு. எதிரே இரட்டைக் கண்ணாடி ஜன்னல் இருந்தால் அதில் பட்டுத் தெறிக்கிற வெயில் எங்கே விழுகிறதென்றும் பார், இழை உருகிச் சுருண்டுவிடும்.

குளோரின் தண்ணீர் தெறிப்பதைப் பற்றிக் கவலைப்படாதே, குளத்தில் இருக்கிற அளவு ஒன்றும் செய்யாது. அப்புறம், உன் குளத்தின் வளைவு எந்தப் பக்கம் வருகிறதென்று ஒரு தாளில் வரைந்து, அளவையும் குறித்து அனுப்பு. வளைவில் துண்டு எவ்வளவு வீணாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன், அதுவரை சுருளை வாங்கிவிடாதே.

உன் பழைய சிநேகிதன்