மின்பணியாளர் சங்கம், பினாங்கு: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், ஷிஃப்ட் முடிந்து நேராக இங்கே வந்திருக்கும், மின்சாதனங்களுக்குப் பொறுப்பான சார்ஜ்மேன், வயரிங் வேலை செய்யும் வயர்மேன் நண்பர்களுக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். செயலவை ஒழுங்காகக் கூடியது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் இளைஞர்கள். தீபாவளி விருந்து நடந்தது. சாப்பாட்டைப் பற்றிய புகார்களை எழுத்தில் தரவும். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, டிரான்ஸ்ஃபார்மர் பழுதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது பற்றி நடத்திய தொடர் வகுப்பு. மின்காப்பை அளக்கும் மெகர் சோதனை, கம்பிச்சுருள்களை ஒப்பிடும் சுற்று விகிதச் சோதனை எல்லாம் நம்மவர்களுக்குக் கைவந்தவை. ஆனால் அவற்றுக்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரைக் குளிர்வித்து மின்காப்பும் தரும் எண்ணெயின் மாதிரியைப் பெரும்பாலும் ஓட்டத்தில் இருக்கும்போதே எடுக்கலாம். அதனால் எண்ணெயில் கரைந்த வாயுச் சோதனைக்கே அதிக நேரம் ஒதுக்கினோம்.

பழுது வந்தால் எண்ணெயும் காப்புத்தாளும் சிதைந்து வாயு உண்டாகும்; எந்த வாயு என்பது பழுதைப் பொறுத்தது. உள்ளே சிறுசிறு மின்னிறக்கம் நடந்தால் ஹைட்ரஜன் தலைதூக்கும். எண்ணெய் கடுமையாகச் சூடேறினால் எத்திலீன். ஆர்க் (மின்பொறி) அடித்தால் அசிட்டிலீன். கம்பிச்சுருளைச் சுற்றியுள்ள காப்புத்தாள் கருகினால் கார்பன் மோனாக்சைடு. கனடாவின் ஹைட்ரோ கியூபெக்கில் பணியாற்றிய மிஷேல் டுவால் 1970களில் உருவாக்கிய முக்கோண வரைபடம் எல்லோருக்கும் பிடித்துப்போனது. மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றின் சதவீதத்தைக் குறித்தால் பழுதின் வகை தெரிகிறது.

பிடித்துப்போனதுதான் தொந்தரவும். அந்த முக்கோணத்தில் 'நலம்' என்று ஒரு கட்டமே கிடையாது. நன்றாக ஓடும் டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெயைக் குறித்தாலும் ஏதோ ஒரு பழுதைக் காட்டும். வாயு அளவு வழக்கத்தைத் தாண்டியிருக்கிறதா, போன தடவையைவிட வேகமாக ஏறுகிறதா என்று பார்த்த பிறகே அதைக் கையில் எடுக்க வேண்டும். அசிட்டிலீனைக் கண்டவுடன் பதறவும் வேண்டாம். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சரின் தொட்டியில் சுவிட்ச் ஒவ்வொரு முறை மாறும்போதும் ஆர்க் உண்டாவது இயல்பு. அந்த எண்ணெய் பிரதானத் தொட்டிக்குள் கசிந்தாலும் அறிக்கையில் அசிட்டிலீன் வரும்.

ஆகவே பழைய அறிக்கை இல்லாமல் புதிய அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. நம் உறுப்பினர்கள் வேலை செய்யும் பல இடங்களில் பழைய அறிக்கைகள் இல்லை; மேலாளர் மாறும்போது கோப்பும் காணாமல் போகிறது. மாதிரி எடுப்பதிலும் கவனம் போதாது. வால்வில் தேங்கிய எண்ணெயை வழியவிடாமல் முதல் சொட்டையே பிடிப்பது, சிரிஞ்சுக்குள் காற்றுக்குமிழியை விட்டுவிடுவது, வெயிலில் வேன் டேஷ்போர்டில் வைப்பது. அப்புறம் ஆய்வகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு சம்பவத்தைப் பதிவு செய்கிறேன். ஒரு தொழிற்சாலையில், டிரான்ஸ்ஃபார்மருக்குள் பழுதால் வாயு உண்டானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் புக்கோல்ஸ் ரிலே டிரிப் ஆனது. உற்பத்தி நிற்கிறது, உடனே திரும்ப ஆன் செய் என்று நிர்வாகம் நம் உறுப்பினரை நெருக்கியது. அவர் மறுத்தார். ரிலேயில் சேர்ந்த வாயுவையும் எண்ணெயையும் சோதிக்காமல் சுவிட்சைத் தொடமாட்டேன் என்றார். 1921இல் மாக்ஸ் புக்கோல்ஸ் கண்டுபிடித்த அந்தச் சிறு கருவி காரணமில்லாமல் அடிப்பது அபூர்வம். காற்றோ எண்ணெய்க் குறைவோ காரணமாக இருக்கலாம், சரி. ஆனால் அதையும் சோதித்துத்தானே சொல்ல முடியும்? உறுப்பினருக்கு ஆதரவாகச் சங்கம் கடிதம் கொடுத்தது. இனியும் கொடுக்கும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்குள்ள ஈரப்பதத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பிரீதரின் சிலிகா ஜெல் சீக்கிரமே நிறம் மாறிவிடுகிறது. மாற்றாமல் விட்டால் ஈரம் எண்ணெயிலும் தாளிலும் இறங்கும். எண்ணெயை வடிகட்டலாம், நைந்த தாளுக்கு அப்படி வழியில்லை. தாளின் இழை எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதைக் காட்டும் பாலிமரைசேஷன் அளவு புதுத் தாளில் சுமார் 1,000. 200க்கு இறங்கினால் அதன் ஆயுள் முடிந்ததாகக் கொள்வார்கள்.

எண்ணெயே இல்லாத உலர் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கும் அடுக்குமாடி, பேரங்காடிப் பணியாளர்கள் தங்களை மறந்துவிட்டோம் என்றார்கள். நியாயம்தான். அடுத்த ஆண்டு வெப்பப்படக் கேமரா வகுப்பு அவர்களுக்காக.

எரிசக்தி ஆணையத்தின் சார்ஜ்மேன் தேர்வுக்கான பயிற்சியும் தொடரும். பொதுப் பதிவேடு ஒன்றை அச்சிடச் செயலவை முடிவு செய்துள்ளது: எடுத்த தேதி, எண்ணெய் வெப்பநிலை, சுமை, ஒவ்வொரு வாயுவின் அளவு என்று தனித்தனிக் கட்டங்களோடு. வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்