டிரான்ஸ்பார்மருக்கு வசூல் செய்கிறோம். கணக்கு எழுத ஏடு இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்கட்டணம் பற்றியும் மின் விநியோகத்தின் கடன்சுமை பற்றியும் தங்கள் நாளிதழில் வெளிவரும் கட்டுரைகளையும் வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறேன். விநியோகம் அரசின் கையிலேயே இருக்க வேண்டும் என்போர் ஒரு பக்கமும், தனியாரிடம் விட்டால்தான் உருப்படும் என்போர் மறுபக்கமும் நிற்க, விவாதம் இந்த இரண்டு கரைகளுக்குள்ளேயே ஓடுகிறது. மின்சாரத்தைப் பயன்படுத்துவோரே சங்கம் அமைத்து, கம்பிக்கும் கம்பத்துக்கும் உடைமையாளர்களாக இருக்கும் வழி ஒன்றும் உண்டு. அதற்கு வேண்டிய பழக்கத்தில் பாதி கொங்கு நாட்டுத் தோட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் காங்கயம் வட்டத்தில் உள்ளது. 17 கிணற்று மோட்டார்கள் ஓடும் எங்கள் டிரான்ஸ்பார்மரில் சென்ற கோடையில் கம்பிச்சுருள் (காயில்) எரிந்துவிட்டது. முறைப்படி மாற்றித் தர நாளாகும் என்றார்கள்; தென்னையும் மாடுகளும் அதுவரை பொறுக்கா. ஆகவே எங்கள் பக்கத்தில் வழக்கமாக நடப்பதுதான் நடந்தது: ஆளுக்கு இவ்வளவு என்று பணம் திரட்டி, டிராக்டர் வாடகையும் ஏற்றி இறக்கும் கூலியும் நாங்களே கொடுத்து வேலையை முடித்தோம். வசூல் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 5 குதிரைத்திறன் மோட்டார் வைத்திருப்பவரும் 10 குதிரைத்திறன் வைத்திருப்பவரும் ஒரே தொகை கொடுப்பதா என்று இரவு ஒன்பது மணிவரை பேசி, குதிரைத்திறன் கணக்கில் பிரித்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம். பேசும்போது மட்டும் எல்லோருக்கும் ஒரே குரல்தான். 10 குதிரைத்திறன்காரருக்கு இரண்டு பேச்சு என்று யாரும் சொல்லவில்லை. இந்த நிலைமைக்குக் களப்பணியாளர்களை நான் குறைகூற மாட்டேன். ஒரே கம்பியாளர் எத்தனை ஊர்களை ஓடிப் பார்க்கிறார் என்பதை நாள்தோறும் காண்கிறேன்.

செலவை உபயோகத்தின் அளவுக்குப் பகிர்வதும், முடிவில் தலைக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொள்வதும்தான் மின் கூட்டுறவின் அடிப்படை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்காவில் 1930களின் நடுப்பகுதியில் பத்துப் பண்ணைகளில் ஒன்றில் மட்டுமே மின்சாரம் இருந்தது. நகரங்களில் விளக்கேற்றிய தனியார் கம்பெனிகள், மைலுக்கு மூன்று நான்கு வீடுகளே உள்ள நாட்டுப்புறத்துக்குக் கம்பி இழுப்பது கட்டுபடியாகாது என்று ஒதுங்கிவிட்டன. 1935 மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் ஊரக மின்மயமாக்கலுக்கென ஒரு நிர்வாகத்தை ஏற்படுத்தினார். மறு ஆண்டில் அதற்குச் சட்டமும் வந்தது. அரசு தானே கம்பி இழுக்க முற்படவில்லை. குறைந்த வட்டிக்கு நீண்டகாலக் கடன் கொடுத்தது. அந்தக் கடனைப் பெரும்பாலும் வாங்கிக்கொண்டவை விவசாயிகள் ஆளுக்கு 5 டாலர்போலக் கட்டித் தொடங்கிய சங்கங்கள். 1950களின் தொடக்கத்திற்குள் பத்துப் பண்ணைகளில் ஒன்பதுக்கு மின்சாரம் வந்துவிட்டது. இன்றும் அங்கே ஏறத்தாழ 900 மின் கூட்டுறவுச் சங்கங்கள் 4 கோடிக்கும் அதிகமான மக்களுக்கு மின்சாரம் தருகின்றன. அவற்றின் கம்பிகள் செல்லும் பரப்பு அந்நாட்டு நிலப்பரப்பில் பாதிக்கும் மேல்.

இவற்றில் மின் இணைப்பு பெற்றவர் ஒவ்வொருவரும் உறுப்பினர். ஆயிரம் மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு வீட்டு விளக்குக்காரருக்கும் ஒரே வாக்கு. நிர்வாகக் குழுவை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆண்டு முடிவில் மிஞ்சும் தொகையை வெளியூர்ப் பங்குதாரர் யாரும் எடுத்துக்கொண்டு போவதில்லை. அவரவர் கட்டிய மின்கட்டணத்தின் விகிதத்தில் அவரவர் பெயரில் வரவு வைக்கப்படுகிறது. சில ஆண்டுகள் அந்தப் பணம் கம்பத்துக்கும் கம்பிக்கும் முதலாக நின்று, பிறகு உறுப்பினருக்கே திரும்புகிறது. ஏதோ புதுமை என்று யாரும் எண்ண வேண்டாம். ஊற்றிய பாலின் அளவுக்கு ஏற்ப நம் பால் சொசைட்டி போனஸ் கொடுப்பதும் இதே கணக்குத்தான். அதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுப் பெண்களுக்கு எந்த வகுப்பும் தேவைப்பட்டதில்லை.

இந்தியாவிலும் இது சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். 1969இல் ஊரக மின்மயமாக்கல் கழகம் தொடங்கப்பட்டபோது, அமெரிக்கக் கூட்டுறவு அமைப்பின் உதவியோடு முன்னோடியாக ஐந்து இடங்களில் மின் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்து ஹுக்கேரியும், இன்றைய தெலங்கானாவின் சிரிசில்லாவும் அவற்றுள் அடங்கும். சிரிசில்லா விசைத்தறி ஊர் என்பதால் நம் சோமனூரும் பள்ளிபாளையமும் அதைத் தம் பங்காளியைப்போலப் பார்க்கலாம். அங்குள்ள சங்கம் மாநில மின் நிறுவனத்திடம் மொத்தமாக மின்சாரம் வாங்கி, வீடுகளுக்கும் தறிகளுக்கும் கிணறுகளுக்கும் தன் கம்பிகளில் விநியோகிக்கிறது. அதன் இயக்குநர்களை மின் நுகர்வோர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டணம் அங்கே மலிவாக இருக்கிறதா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். கம்பி அறுந்தால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்பது உறுப்பினருக்குத் தெரிந்திருப்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

அந்த ஐந்தில் ஒன்றான மகாராஷ்டிரத்தின் முளா பிரவரா சங்கம் கெட்டுப்போன கதையையும் மறைக்கக் கூடாது. கரும்பு விளையும் அந்தப் பகுதியில் மின்சாரத்தின் பெரும்பங்கு கிணற்று மோட்டார்களுக்குப் போயிற்று. வாங்கும் விலைக்கும் விவசாயிகளிடம் பெற முடிந்த விலைக்கும் இடையிலான பள்ளத்தைச் சங்கத்தால் நிரப்ப முடியவில்லை. மாநில மின் நிறுவனத்துக்கான பாக்கி மலைபோல் வளர்ந்து, 2011இல் விநியோகம் அதன் கையைவிட்டுப் போனது. நிர்வாகிகள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், பத்து ரூபாய்க்கு வாங்கி இரண்டு ரூபாய்க்கு விற்கும் கடை நிலைக்காது. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் உள்ள நம் மாநிலத்தில் இப்படியொரு சங்கம் தொடங்குவோர் முதலில் பதில் சொல்ல வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான்.

பதில் சொல்வது கடினம், ஆனால் முடியாததன்று. கிணறுகளுக்கான மின்சாரத்தின் விலையை அரசு யூனிட் கணக்கில் சங்கத்துக்கு நேரடியாகச் செலுத்த வேண்டும். அதற்கு யூனிட்டை அளந்தாக வேண்டும். 'மீட்டர்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் விவசாயிகளுக்கு ஏன் உடல் பதறுகிறது என்பதைச் சென்னையிலிருந்து எழுதுவோர் உணர்வதில்லை. நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1932இல் வந்த பிறகே, இந்தச் சீமையில் கவலை ஓட்டிய, அதாவது மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த கிணறுகளில் மோட்டார் ஏறத் தொடங்கியது. என் அப்பாரு, அதாவது தாத்தா, கவலை ஓட்டிய கையோடு சுவிட்சைத் தொட்டவர். 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு 1972இல் கோவையை மாட்டு வண்டிகளால் நிரப்பியதும் இந்தக் கோரிக்கையை முன்வைத்துத்தான். இன்று மீட்டர், நாளை பில் என்ற அச்சம் அந்த நினைவிலிருந்து வருகிறது. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆகையால் கிணற்றுக்குக் கிணறு மீட்டர் வேண்டாம், டிரான்ஸ்பார்மருக்கு ஒன்று போதும் என்பது என் கருத்து. அரசுக்குக் கணக்கும் கிடைக்கும். எந்த விவசாயியின் பெயரிலும் பில் எழுத வழியிருக்காது.

அடுத்த ஐயம் சங்கங்களின் நிர்வாகம் பற்றியது. கூட்டுறவு என்றாலே நகைக்கடன் முறைகேடும் உள்ளூர்க் கட்சிக்காரரின் தலைவர் பதவியும்தானே என்று கேட்பவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. தமிழ்நாட்டில் கூட்டுறவுத் தேர்தல் 2013இலும் 2018இலும் நடந்தது. தேர்தலின்றித் தனி அலுவலர்கள் நிர்வகித்த காலமும் குறைவன்று. உறுப்பினர் வாக்களிக்க முடியாத சங்கத்தைக் கூட்டுறவு என்று அழைப்பதே பிழை. இதில் நம் பங்கும் உண்டு. பேரவைக் கூட்டத்துக்கு வரும் தலைகளை எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். அமெரிக்கச் சங்கங்களுக்கும் இதே நோய் உண்டு என்பதில் எனக்கு அற்ப ஆறுதல்.

நம் மண்ணில் இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் பெற்று 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி, அதன் மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. அது ஊராட்சியின் சொத்து, கூட்டுறவு இல்லை. விநியோகத்தையும் அது ஏற்கவில்லை. ஆயினும் ஒரு கிராமம் மின் துறையில் கடன் வாங்கவும் வருமானம் பார்க்கவும் முடியும் என்பதை அது காட்டியது.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 5ஆம் பிரிவில், ஊரகப் பகுதிகளில் மொத்தமாக மின்சாரம் வாங்கி உள்ளூர் விநியோகத்தை ஊராட்சிகள், பயனாளர் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் முதலியவற்றின் வழியே நடத்துவதற்குத் தேசியக் கொள்கை வகுக்கச் சொல்கிறது. மாநிலம் முழுவதையும் மாற்றும்படி நான் கேட்கவில்லை. வீடுகளும் விசைத்தறிகளும் கிணறுகளும் கலந்துள்ள ஒரே ஒரு பீடரை, அதாவது துணைமின் நிலையத்திலிருந்து ஊர்களுக்கு வரும் ஒரு மின்தடத்தை, பல்லடம் பக்கமோ திருச்செங்கோடு பக்கமோ தேர்ந்தெடுத்து, ஐந்தாண்டுகளுக்குச் சோதனையாகக் கொடுத்துப் பார்க்கட்டும். கிணறுகள் மட்டுமே உள்ள பீடரைக் கொடுத்துவிட்டுச் சங்கம் தோற்றது என்று எழுதிவிடக் கூடாது. தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 1000 யூனிட் சலுகையும் வீடுகளுக்கான 100 யூனிட்டும் அப்படியே தொடர்ந்து, அவற்றுக்குரிய தொகை சங்கத்தின் கணக்கில் மாதந்தோறும் வரவாக வேண்டும். கம்பியாளரும் அந்த ஊர்க்காரராகவே இருந்து, சங்கத்தின் சம்பளத்தில் வேலை பார்க்கட்டும்.

சென்ற கோடையில் திரட்டிய பணத்தில் எல்லாச் செலவும் போக 3,460 ரூபாய் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. பதினேழு பேருக்கும் குதிரைத்திறன் கணக்கில் திருப்பிப் பிரிக்கலாம் என்றால், அடுத்த கோடைக்கு ஆகும், வைத்திருங்கள் என்கிறார்கள். வைத்திருப்பதற்கு எங்கள் டிரான்ஸ்பார்மர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் இல்லை, வரவு எழுத ஓர் ஏடும் இல்லை. அந்தப் பணம் இப்போது எங்கள் வீட்டு அலமாரியில், பால் சொசைட்டிப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காங்கயம் வட்டத்து விவசாயி