தோட்டைக் கழற்றினால்தான் திருவிருந்தா?

அன்புள்ள பாஸ்டர்களுக்கும் மூப்பர்களுக்கும், ஸ்தோத்திரம்.

தோடு, மூக்குத்தி, தாலி எல்லாவற்றையும் கழற்றினால்தான் ஞானஸ்நானம், அதற்கப்புறம்தான் திருவிருந்து (கர்த்தருடைய பந்தியின் அப்பமும் ரசமும்) என்று நம்மூர்ப் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் ஒரு எழுதாத சட்டம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நகை போடலாமா கூடாதா என்பது என் சண்டை இல்லை. என் அம்மாவே போடுவதில்லை, சந்தோஷமாகத்தான் இருக்கிறார். அதைப் பந்திக்கு நுழைவுச்சீட்டாக்கியதுதான் பிரச்சினை.

கேட்டால் 1 பேதுரு 3:3-ஐக் காட்டுகிறீர்கள். சரி, முழுசாக வாசிப்போமா? பொன் நகையோடு மயிர் பின்னுவதும் உயர்ந்த உடையும் அதே வசனத்தில்தான் இருக்கின்றன. சடை பின்னிப் பட்டுச்சேலையில் வருகிறவரை யாரும் நிறுத்துவதில்லை. (பாஸ்டர் கையில் மின்னும் வாட்சைப் பற்றி நான் பேசவே இல்லை.)

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர். கணவர் இந்து, சபைக்குப் போகாதே என்று ஒருநாளும் சொல்லாதவர். தாலியைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். அன்றைக்கு வீட்டில் ஆரம்பித்த ரகளை மாமியார் வரை போய், இப்போது அந்த அக்காவால் சபைப் பக்கமே வர முடியவில்லை. அவிசுவாசியான கணவன் சேர்ந்து வாழச் சம்மதித்தால் அவனை விட்டுப் பிரியாதே என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது இப்படிப்பட்ட வீடுகளுக்குத்தானே?

அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். சாப்பாட்டு விஷயம்தானே என்று பவுல் விடவில்லை, எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டார். மோசேயின் நியாயப்பிரமாணத்திலேயே இருந்த விருத்தசேதனத்தைக்கூட (ஆண்களின் நுனித்தோலை நீக்கும் சடங்கு) புறஜாதியாருக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று அப்போஸ்தலரும் மூப்பரும் எருசலேமில் கூடித் தீர்த்தார்கள். நாம் தோட்டை நிபந்தனையாக்குகிறோம்.

கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஜனங்கள் இஷ்டத்துக்குப் போய்விடுவார்கள் என்பீர்கள். ரோமர் 6-இல் பவுலும் இதே கேள்வியைத்தான் எடுக்கிறார், அதற்காகப் புதுச் சட்டம் எதுவும் போடவில்லை. அவபக்தியை, அதாவது தேவபயமில்லாத வாழ்க்கையை, வெறுக்கக் கற்றுக்கொடுப்பதே கிருபைதான் என்று தீத்து 2-இல் இருக்கிறது. கற்றுக்கொள்ள நாளாகும். சிலர் வருஷங்கள் கழித்துத் தானாகவே கழற்றுவார்கள், சிலர் தோட்டோடேயே கந்துவட்டியை விடுவார்கள், பொய்யை விடுவார்கள். ஞானஸ்நான வகுப்பில் அதையெல்லாம் யார் கேட்கிறீர்கள்? மகனுக்கு வரதட்சணை வாங்கியவரைத் திருவிருந்திலிருந்து நிறுத்திய சபையை நான் இன்னும் பார்க்கவில்லை.

நகையைப் பற்றிப் பிரசங்கிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாகச் செய்யுங்கள். நிபந்தனையை மட்டும் எடுத்துவிடுங்கள். அப்புறம் உங்களில் யாராவது ஒருவர் அந்த அக்கா வீட்டுக்குப் போய் அவர் கணவரிடம் மன்னிப்புக் கேளுங்கள், மாமியாரிடமும்.