குகைக் கல்முளைகளும் தோட்டத்து மழைப்பதிவேடுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈப்போ வட்டாரக் குகைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, அங்கே சொட்டுநீரால் தரையிலிருந்து மேல்நோக்கி வளரும் கல்முளைகளைப் பழங்கால வெப்பமானிகள் என்று குறிப்பிட்டிருந்தது. நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் அவை முதன்மையாகக் காட்டுவது மழையின் ஏற்ற இறக்கத்தையே.

மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கீழிறங்கும் மழைநீர், சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு குகையினுள் சொட்டுகிறது. அங்கே அவ்வாயு பிரிந்துவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு படலம் படலமாகத் தரையில் படிந்து, பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே வளர்கிறது. மழை வலுத்த காலத்துப் படலங்களில் ஆக்சிஜனின் எடை மிகுந்த வகையான ஆக்சிஜன்-18 குறைந்தும், வறண்ட காலத்துப் படலங்களில் கூடியும் இருக்கும். வயதைக் கணிக்கும் முறை இன்னும் நுட்பமானது. யுரேனியம் நீரில் கரையும், தோரியம் அநேகமாகக் கரையாது. ஆகவே புதுப் படலத்தில் தோரியம் மிகச் சொற்பம். பிறகு யுரேனியம் சிதைந்து உண்டாகும் தோரியத்தை அளந்து, சுமார் 6 லட்சம் ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள்.

போர்னியோ தீவிலுள்ள நம் மலேசிய மாநிலமான சரவாக்கிலேயே, குனோங் மூலு, குனோங் புடா குகைகளின் கல்முளைகளைக் கொண்டு கடந்த 27,000 ஆண்டுகளின் மழை வரலாற்றை வரைந்த ஆய்வு 2007-இல் வெளியானது. ஏறத்தாழ 16,500 ஆண்டுகளுக்கு முன் அங்கே வறட்சி உச்சத்தை எட்டியிருக்கிறது. வட அட்லாண்டிக்கில் பனிப்பாறைகள் பெருமளவில் உடைந்து மிதந்த காலமும் அதுவே. இத்தனை தொலைவிலுள்ள கடலுக்கும் போர்னியோ மழைக்கும் உறவு உண்டென்பதைக் கட்டுரை விட்டுவிட்டது எனக்கு வருத்தமே.

ஒரு படலத்தின் செய்தியைச் சரியாகப் படிக்க, அளந்து எழுதப்பட்ட மழைக்கணக்கோடு அண்மைக்கால மேற்படலங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு நம்மிடம் இருந்தது. மழை பெய்தால் பால்மரம் எனும் ரப்பர் மரத்தைச் சீவ முடியாது என்பதால், ரப்பர் தோட்ட அலுவலகங்களில் மழைமானி வைத்து அன்றாடம் குறித்து வந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறியும் போனபோது, அப்பதிவேடுகளில் எத்தனையோ பழைய தாள்களோடு எடைக்குப் போயின. கல்லுடைப்பால் குன்றுகள் குறைவதைப் பற்றியாவது அவ்வப்போது எழுதுகிறோம். இந்த இழப்பை யாரும் பேசுவதில்லை.

ஓய்வுபெற்ற தோட்ட எழுத்தர்களான கிராணிமார்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் பழைய மழைப்பதிவேடு இருந்தால், அதை எறிந்துவிடாமல் தேசிய ஆவணக் காப்பகத்திடமோ பல்கலைக்கழகப் புவியியல் துறையிடமோ ஒப்படைக்குமாறு தங்கள் நாளிதழ் ஒரு வேண்டுகோள் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்